படிப்பு வருமானத்தை எப்படி மாற்றுகிறது? கடற்கரைக் குடும்பங்களுக்கு ஓர் எளிய கணக்கு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி வர்ணம் பூசிக்கொண்டிருக்கும் இதே நாட்களில்தான் பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிறது. கல்லூரி விண்ணப்பங்களும் கலந்தாய்வுப் பதிவும் தொடங்குகின்றன. அதாவது, பிள்ளையின் அடுத்த நாற்பது ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு முடிவை, வீட்டில் பணப்புழக்கம் அடியோடு வற்றிப்போன வாரங்களில் எடுக்க வேண்டிய நிலை நம் கடற்கரைக் குடும்பங்களுக்கு இருக்கிறது. அரசு தரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் பலசரக்குக்குமே பற்றாத வீடுகளில், 'இந்த வருஷம் படகுக்குப் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பேச்சைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கையில் இருக்கும் பணத்தைப் பார்த்து எடுக்கும் முடிவை, கணக்குப் போட்டு எடுக்கும் முடிவாக மாற்றுவதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைக் கருத்துகளை மட்டும் இங்கே விளக்க முயல்கிறேன்.

பொருளியலில் இதற்கு 'மனித மூலதனம்' என்று பெயர். படகும் வலையும் எஞ்சினும் முதலீடாவது போல, ஒருவர் கற்கும் கல்வியும் பெறும் பயிற்சியும் சேர்க்கும் அனுபவமும் பிற்காலத்தில் வருமானம் தரும் முதலீடுகளே என்பது இக்கருத்தின் சாரம். தியடோர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். பெக்கரின் புகழ்பெற்ற ஆய்வு 1964-இல் வெளிவந்தது. ஷுல்ட்சுக்கு 1979-இலும் பெக்கருக்கு 1992-இலும் நோபல் பரிசு கிடைத்தது. பல நாடுகளின் ஊதியக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வருமானம் சராசரியாக ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது என்கின்றன. இந்தச் சராசரியை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளின் தலையில் வைத்துவிடக் கூடாது. அதிகம் படித்தவர்களில் பலர் வசதியான வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் உயர்ந்த வருமானத்தில் ஒரு பகுதி படிப்பினால் வந்தது, இன்னொரு பகுதி குடும்பத்தின் தொடர்புகளாலும் பின்புலத்தாலும் வந்தது. அதோடு, எந்தப் படிப்பு, எந்தத் தரத்தில், எந்த ஊரில் வேலை என்பவற்றைப் பொறுத்து இந்த எண் பெரிதும் மாறும்.

முதலில் கடல் தொழிலின் வருமானம் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். விசைப்படகு கரை திரும்பி, இறாலும் கணவாயும் நண்டும் வியாபாரியின் தராசில் ஏறி இறங்கிய பிறகு, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு ஆகியவை கழிக்கப்பட்டு, மிஞ்சியது படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. பிரிக்கும் விகிதம் ஊருக்கு ஊர், படகுக்குப் படகு வேறுபடும். ஆனால் ஓர் அடிப்படை எங்கும் ஒன்றே. வலை இழுக்கும் 20 வயது இளைஞரின் பங்கும், அதே படகில் அதே வேலையைச் செய்யும் 45 வயதுக்காரரின் பங்கும் பெரும்பாலும் சமம். டிரைவராக உயர்ந்தால் பங்கு கூடும், சொந்தப் படகு வாங்கினால் கணக்கே மாறிவிடும். அவ்விரண்டும் நேராதவர்களுக்கு, ஆண்டுகள் கூடுவதால் மட்டும் வருமானம் கூடுவதில்லை. உடல் தளரத் தொடங்கும்போது அது குறையவும் செய்கிறது. இத்தொழிலில் முதல் மாதமே நல்ல காசு பார்க்கலாம் என்பதும் உண்மை. அந்தத் தொகை நீண்ட காலம் அதே மட்டத்தில் நின்றுவிடும் என்பதும் உண்மை.

படிப்பின் வழியாக வரும் வருமானத்தின் வடிவம் இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் சில ஆண்டுகள் வருமானமே இல்லை, செலவு மட்டுமே. பிறகு கிடைக்கும் முதல் சம்பளம் பல நேரங்களில் படகுப் பங்கைவிடக் குறைவாகவே இருக்கும். 'டிப்ளமோ முடித்து 14,000 சம்பளமா? இதற்கா மூன்று வருஷம் படித்தாய்?' என்ற கேள்வி எழுவது இந்த இடத்தில்தான். முதல் சம்பளத்தை வைத்துக் கேட்கும் கேள்வி அது. உண்மையில் பார்க்க வேண்டியது, அந்தச் சம்பளம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை.

விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்களில் ஒரு கணக்கு போடுகிறேன். இவை யாருடைய உண்மையான வருமானமும் அல்ல, அவரவர் வீட்டு எண்களை இந்த இடங்களில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் 17 வயதில் படகுக்குப் போகிறார். தடைக்காலம் நீங்கலாக 10 மாதம், மாதம் 18,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் ஈட்டுகிறார்; 12 மாதத்துக்குச் சமமாகப் பிரித்தால் மாதம் 15,000. தம்பி அதே வயதில் மூன்றாண்டு டிப்ளமோ சேர்கிறார். கட்டணம், விடுதி, பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 வீதம் மொத்தம் 1,80,000 ரூபாய் செலவு.

தம்பியின் படிப்புக்கு ஆன செலவு எவ்வளவு என்று கேட்டால், 1,80,000 என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அது முழுக் கணக்கன்று. படிக்கப் போகாமல் படகுக்குப் போயிருந்தால் அந்த மூன்று ஆண்டுகளில் அவரும் 5,40,000 ரூபாய் ஈட்டியிருப்பார் அல்லவா? அந்தக் கைவிட்ட வருமானமும் செலவே. பொருளியலில் அதை 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். இரண்டையும் கூட்டினால் உண்மையான முதலீடு 7,20,000 ரூபாய். இதில் நான்கில் மூன்று பங்கு, கல்லூரிக்குக் கட்டிய பணமே அல்ல. கட்டணமே இல்லாத அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தும் ஏன் சில பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்பதற்கு விடை இந்த எண்ணில் இருக்கிறது: ஏழை வீட்டுக்குப் பெரிய சுமை கட்டணத்தைக் காட்டிலும் இந்தக் கைவிட்ட வருமானமே.

இனி வரவைப் பார்ப்போம். தம்பி 20 வயதில் மாதம் 14,000 ரூபாயில் வேலைக்குச் சேர்கிறார். ஆண்டுதோறும் மாதச் சம்பளம் 2,000 ரூபாய் ஏறுகிறது என்று கொள்வோம். முதல் ஆண்டு அண்ணனைவிட மாதம் 1,000 ரூபாய் குறைவு. இரண்டாம் ஆண்டு 1,000 கூடுதல். இதுவரை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூன்றாம் ஆண்டு 3,000 கூடுதல், நான்காம் ஆண்டு 5,000 கூடுதல் என்று வேறுபாடு விரிந்துகொண்டே போகிறது. இந்தக் கூடுதல்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வந்தால், எட்டாம் ஆண்டின் முடிவில் 5,76,000, ஒன்பதாம் ஆண்டின் முடிவில் 7,56,000. அதாவது முதலீடு முழுவதும் திரும்பி வருவதற்குத் தம்பிக்கு 29 வயதாகிவிடுகிறது. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை வருவதெல்லாம் மிகுதி. 22 வயதில் அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குத் தம்பி தோற்றவராகவே தெரிவார்; 40 வயதில் ஒப்பிடுபவர் வேறு முடிவுக்கு வருவார்.

இதே கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தம்பியின் சம்பளம் 16,000 ரூபாயில் நின்றுவிடுகிறது, அதற்கு மேல் ஏறவே இல்லை. அப்போது அண்ணனைவிடக் கூடுதலாக ஆண்டுக்குக் கிடைப்பது வெறும் 12,000 ரூபாய். 7,20,000 ரூபாயை மீட்க 60 ஆண்டுகள் ஆகும். ஓர் ஆயுள் போதாது. அதே சான்றிதழ், அதே கட்டணம், அதே உழைப்பு. ஆகவே 'படித்தால் முன்னேறலாம்' என்ற பொது வாக்கியத்தோடு நின்றுவிடுவது பெற்றோருக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். எந்தப் படிப்பு ஏறுகிற வருமானத்தைத் தரும், எதனால் அது ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருமானம் ஏறுவதற்குப் படிப்பு இரண்டு விதமாக உதவுகிறது. ஒன்று, உண்மையான திறன். குளிர்பதன எந்திரத்தின் பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், இரண்டாண்டு அனுபவத்துக்குப் பின் இன்னும் கடினமான பழுதைக் கண்டுபிடிப்பார். அவரை இழக்க விரும்பாத நிறுவனம் சம்பளத்தைக் கூட்டும். மற்றொன்று, சான்றிதழ் தரும் அடையாளம். முன்பின் தெரியாத ஒருவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், அவருடைய உழைப்பையும் ஒழுங்கையும் நேரில் அறிய வழியில்லாததால், இந்தத் தேர்வில் தேறியவர் என்பதையே அவற்றுக்கு அறிகுறியாகக் கொள்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் விளக்கிய கருத்து இது. அவர் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடையாளத்தின் மதிப்பு, அது எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஊரில் ஓரிருவர் மட்டுமே பொறியாளராக இருந்த காலத்தில் அந்தப் பட்டமே வேலை வாங்கித் தந்தது. இன்று தெருவுக்குத் தெரு பொறியியல் பட்டதாரிகள் இருக்கும்போது, பட்டம் நேர்காணல் அறையின் வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே கேட்கப்படுவது திறன்.

ஆனால் அடையாளம் மட்டுமே ஒரு கதவைத் திறக்கும் இடங்களும் உண்டு. நம் கடற்கரைக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு பாஸ்போர்ட். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பாத ஊர் அரிது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு வழங்கப்படும் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இடம்பெறுகிறது. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் அத்தகையவர், குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றே விமானம் ஏற முடியும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்த நிபந்தனை இல்லை. படிப்புக் குறைந்தவர்கள் சுரண்டப்படாமல் காப்பதற்காக வந்த ஏற்பாடு இது. என்றாலும், பத்தாம் வகுப்போடு ஒரு ஐடிஐ சான்றிதழும் வைத்திருப்பவர் எலக்ட்ரீஷியனாகவோ வெல்டராகவோ விண்ணப்பிக்க முடிகிறபோது, அது இல்லாதவர் ஹெல்பர் என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறார். இருவரும் ஒரே விமானத்தில் போய் ஒரே முகாமில் தங்கினாலும் சம்பளத் தாள் வேறு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்டுப் படிப்பை நிறுத்திய இளைஞர்களுக்கு, துணைத் தேர்வு எழுதி அந்த ஒரு பாடத்தைத் தேறுவதைவிடக் குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் முதலீடு வேறு எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

படிப்பைப் போலவே, சில வேளைகளில் அதைவிடவும் கூடுதலாக, வேலைக்கான ஆயத்தம் வருமானத்தை மாற்றுகிறது. அரசு பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ முடித்தவர் நேராக வேலை தேடுவதற்குப் பதில், அப்ரண்டிஸ் எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சியை ஒரு நல்ல நிறுவனத்தில் முடித்துவிட்டுத் தேடினால், 'அனுபவம் உண்டா' என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருக்கிறது. பழகுநர் உதவித்தொகை குறைவுதான். மேலே போட்ட கணக்கின் மொழியில் சொன்னால், முதலீட்டில் இன்னும் ஓர் ஆண்டைக் கூட்டுகிறோம், அதற்கு ஈடாக வருமானத்தின் ஏறுமுகத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறோம். தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தரப்படும் கூடுதல் பயிற்சிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வருகைப் பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு வருபவருக்கும், அந்தப் பயிற்சியில் எதையாவது தானே செய்து முடித்துக் காட்டுபவருக்கும் நேர்காணலில் வேறுபாடு தெரிந்துவிடும்.

இடப்பெயர்வும் ஆயத்தத்தின் ஒரு பகுதிதான். இராமநாதபுரம் மாவட்டத்தில் பெரிய தொழிற்சாலைகள் இல்லை. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018-இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு நம் மாவட்டமும் சேர்க்கப்பட்டது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவருக்கான வேலை ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது. அங்கே கிடைக்கும் 22,000 ரூபாயை உள்ளூரில் கிடைக்கும் 15,000 ரூபாயோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அறை வாடகை, மெஸ், பண்டிகைக்கு ஊர் வந்து போகும் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். கழித்த பின் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வருவதும் உண்டு. அப்போதும் அடுத்த ஏற்றம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி மீதமிருக்கிறது.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். வாடைக்காற்று எப்போது எழும்பும், சோழகக் காற்று எப்போது தணியும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று பதினைந்து வயதிலேயே அறிந்த பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அந்த அறிவு முழுவதும் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் படகுப் பங்கோடு நின்றுவிடுகிறது. அதைச் சான்றிதழாக மாற்றும் வழிகள் இருக்கின்றன. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் பிரிவுகள் உள்ள, சிஃப்நெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம், பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் செலுத்துதலிலும் கப்பல் எஞ்சின் பராமரிப்பிலும் இரண்டாண்டுப் பயிற்சி அளிக்கிறது. வணிகக் கப்பல்களில் சேர விரும்புவோருக்கு ஜி.பி. ரேட்டிங் என்னும் ஆறு மாத முன்பயிற்சி உண்டு. அதற்கும் பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி. ஆனால் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்ற நிறுவனம்தானா என்று அதன் இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். ஒப்புதல் இல்லாத இடத்தில் வாங்கிய சான்றிதழைக் கொண்டு கப்பலில் கால் வைக்க முடியாது. லட்சக்கணக்கில் இழந்துவிட்டு மீண்டும் வலைக்குத் திரும்பியவர்களை இந்தக் கரையில் நான் அறிவேன்.

கடலை விட்டுப் போகாமலேயே வருமானத்தை உயர்த்தும் பயிற்சிகளும் உண்டு. மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கோபியா மீன் குஞ்சுகளைச் செயற்கை முறையில் உற்பத்தி செய்தது. கடலில் கூண்டு அமைத்து மீன் வளர்க்கும் முறையை இப்பகுதி மீனவர்கள் அங்கிருந்தே கற்றார்கள். தீவனம், கூண்டுப் பராமரிப்பு, அறுவடைக் காலம் ஆகியவற்றைக் கணக்கு வைத்து நடத்தத் தெரிந்தவருக்கு அது தொழில், தெரியாதவருக்குக் கடன்.

பெண் பிள்ளைகளின் கணக்கு இன்னும் தெளிவானது. கூடுதல் படிப்பினால் கிடைக்கும் வருமான உயர்வு, சராசரியாக ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்று மேலே சொன்ன பன்னாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் எளிது: படிக்காத பெண்ணுக்குத் திறந்திருக்கும் வேலைகளின் கூலி அவ்வளவு குறைவு. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி இடுப்பளவு நீரில் இறங்கி, பாறையில் கை கிழிபட மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் சேகரிக்கும் தாய்மார்களின் உழைப்புக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்தால் இது விளங்கும். அவர்களுடைய மகள் செவிலியராகவோ ஆய்வகத் தொழில்நுட்பராகவோ ஆனால், வருமானம் பல மடங்காவது மட்டுமல்ல, இராமநாதபுரத்தில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியையும் சுற்றியுள்ள மருத்துவமனைகளையும் வைத்து, ஊரை விட்டுப் போகாமலேயே வேலை தேட வழியும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. கைவிட்ட வருமானத்தை அது ஈடு செய்யாது. பேருந்துக்கும் மதிய உணவுக்கும் வீட்டை எதிர்பார்க்காமல் இருக்க உதவும்.

பணம் இல்லாததால் தகுதியுள்ள பிள்ளை நின்றுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமுக்கு, சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கான பணம் வீட்டில் இல்லை. அவருடைய அக்கா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அடகு வைக்க நகை இல்லாத வீட்டில் அதே அறிவோடு பிறந்த பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விக்குத்தான் கல்விக்கடனும் உதவித்தொகையும் விடை. வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் ரூபாய் வரை பிணைச் சொத்து கேட்கப்படுவதில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதன் பின் ஓர் ஆண்டும் கழிந்த பிறகே தவணை தொடங்குகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான தொழிற்படிப்புகளுக்கு அந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் பெற்றால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே செலுத்துகிறது. இவற்றை விசாரிக்காமல், தடைக்கால நெருக்கடியில் மீட்டர் வட்டிக்கு வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடித்தால், கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்குரிய முதல் பட்டதாரி சலுகையும் கைநழுவிப் போகும்.

கடன் வாங்கும் முன், மேலே போட்ட கணக்கை அந்தக் கல்லூரிக்கும் அந்தப் பாடப்பிரிவுக்கும் போட்டுப் பார்க்க எண்கள் வேண்டும். விளம்பரப் பலகையில் இருக்கும் உயர்ந்தபட்ச சம்பளம் அதற்கு உதவாது. அது ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். இந்த ஆண்டு வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையும் போதாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே பிரிவில் தேறியவர்களில் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று நான்கு பேரையாவது தேடிப் பிடித்து, முதல் சம்பளம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, இடையில் எதைக் கற்றதால் அது ஏறியது என்று கேட்க வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்ட வங்கிக்குப் போவதற்கு முன்பே, ஊரிலுள்ள அவர்களுடைய வீட்டுக்கு ஒருமுறை போய் வந்துவிடலாம். அவர்களின் பெற்றோரிடமும் கைப்பேசி எண் இருக்கும்.